தண்ணீரில் இல்லாத படம்

கடல்லயா என்று கேட்டிருக்க வேண்டாம். வேறு எதை வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். எப்ப ஆச்சு, கூட யார் இருக்கா, நீ சாப்பிட்டியா என்று எல்லாரும் கேட்கிற ஒன்றைக் கேட்டிருக்கலாம். எதுவும் வாயில் வராவிட்டால் சும்மா இருந்திருக்கலாம். சாவுச் செய்தி சொல்கிறவர்கள் பதிலை எதிர்பார்த்துச் சொல்வதில்லை. பரஞ்சோதி மாடியறைத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே அஞ்சலட்டை அளவுப் படங்கள் சுவரோரத்திலிருந்து கதவுவரை வரிசையாகக் கிடந்தன. மின்விசிறியைப் போட்டால் எல்லாம் பறந்துவிடும். சித்திரை மதியத்தில் அறை அடுப்படி மாதிரி காய்ந்தது, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எது முதல் படம், எதற்கு அடுத்து எது, எது கடைசி என்று சாயங்காலத்துக்குள் முடிவுசெய்து நிவேதிதாவுக்கு அனுப்ப வேண்டும். கண்காட்சியை நடத்துகிறவள் அவள்; அச்சகத்தில் காத்திருக்கிறார்கள் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். ராமநாதபுரத்துக் கடற்கரையில் முள்ளிவலசை என்று ஒரு சின்னக் குடியிருப்பு. கடலுக்குள் மூழ்கிப் பாறைகளில் பாசி பறித்து விற்றுப் பிழைக்கிற பெண்கள் அங்கே இருக்கிறார்கள். மூன்று வருஷமாக அவர்களைப் படம் எடுத்தார். ஆயிரக்கணக்கில் எடுத்ததைச் சலித்துச் சலித்து நாற்பதுக்குக் கொண்டுவந்தாயிற்று. படகுப் படத்தை எடுத்து, விரல்களில் துணி சுற்றிக்கொள்கிற படத்துக்கு அடுத்து வைத்தார். சரிப்படவில்லை. திரும்ப எடுத்தார். கடல்லயா. அந்தச் சொல்லைக் கேட்ட வாய் இதோ இன்னும் முகத்தில்தான் இருக்கிறது, காய்ந்துபோய், தண்ணீர் கேட்கிறது.

பாண்டிமீனா காலையில் கூப்பிட்டிருந்தாள். முத்துராக்குவின் மகள். அவருடைய படங்களில் பாதிக்குமேல் இருக்கிறவள் முத்துராக்கு. அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள், அவரும் அக்கா என்பார். அம்மாவுக்குத் தம்பி என்பதால் மகள் முதல் நாளிலிருந்தே மாமா என்றாள். அது கடற்கரைப் பழக்கம், அதில் பெரிதாக ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தார். அம்மா போயிருச்சு மாமா, போன வாரம், என்று அவள் சொன்னதும் இவர் வாயிலிருந்து வந்தது அந்த ஒரு சொல். இல்ல மாமா, வீட்லதான், பாத்திரம் வெளக்கிக்கிட்டு இருந்துச்சு, நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துச்சு, அவ்வளவுதான் என்றாள். அதைச் சொன்ன விதம்தான் அவரைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. வருத்தமாகச் சொல்லவில்லை, கோபமாகவும் இல்லை. கடையில் இல்லாத சரக்கைக் கேட்ட ஆளிடம் அது இல்லைங்க, இதுதான் இருக்கு என்று சொல்வார்களே, அந்த மாதிரி. அப்படியென்றால் அவளுக்குக் கேட்டிருக்கிறது. கடல்லயா என்பதில் பயம் இருந்திருந்தால் பரவாயில்லை, பயந்துபோய்க் கேட்டார் என்று ஆகியிருக்கும். பயம் இல்லை. அவருக்கே தெரியும். அதில் இருந்தது ஒருவித ஆவல். கடலில் என்றால் படங்களோடு பொருந்தியிருக்கும். முத்துராக்கு கடலில்தானே இருந்தாள், அவருக்குத் தெரிந்தவரை. பாத்திரம் விளக்குகிற முத்துராக்குவை அவருக்குத் தெரியாது. தாய்மாமன் முறையுள்ளவன் சாவுக்குக் கோடித்துணி எடுத்துக்கொண்டு போகவேண்டும். இவர் போகவில்லை, இவருக்கு யாரும் சொல்லவும் இல்லை, ஒரு வாரம் கழித்துச் சொன்னார்கள், அதுவும் ஒரு காரியமாக. சொன்னபோது இவர் கொண்டுபோய்ப் போட்டது இந்த ஒரு சொல்லைத்தான்.

காரியம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை படத்திறப்பு. பாசி எடுக்கிற பெண்களின் சங்கத்துக்கு முத்துராக்குதான் தலைவி. மாதத்தில் பாதி நாள் யாரும் கடலில் இறங்கக்கூடாது, பாறையில் பாசி திரும்ப முளைக்கட்டும் என்று அவர்களே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். யாராவது மீறினால் வீட்டு வாசலில் போய் நின்று கிழிகிழியென்று கிழிக்கிறவள் அவள். அதனால் பெரிய படமாக, ஆள் உயரத்துக்கு வைக்க வேண்டுமாம். போனில் எடுத்ததைப் பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாக உடைகிறதாம். தன் கல்யாண ஆல்பத்தில் தேடினால் அம்மா ஒரு படத்திலும் முன்னால் இல்லையாம். புருஷன் இல்லாதவள் மணவறைப் பக்கம் வரக்கூடாது என்று சமையல்காரர்களோடு பின்னாலேயே நின்றுகொண்டாளாம். மாமாட்ட பெரிய கேமரா படம் இருக்கும்னு சங்கத்துல எல்லாரும் சொல்றாங்க, ஒண்ணே ஒண்ணு அனுப்புங்க, தண்ணியில இல்லாத படமா இருக்கட்டும், என்று பாண்டிமீனா கேட்டாள். பஜாரில் ஸ்டூடியோ வாசலில் நின்று பேசினாள், பஸ்ஸின் ஹாரன் கேட்டது. இன்றைக்கே கொடுத்தால்தான் சட்டம் போட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைக்கும். இவர் சொன்னார்: அதுக்கென்ன, நூறு இருக்கும். சொல்லும்போது ஒரு நிம்மதிகூட வந்தது. இதையாவது நன்றாகச் செய்துவிட்டால் அந்தச் சொல் அழிந்துவிடும்போல.

நூறு இல்லை. பத்து இல்லை. கணினியில் முதல் வருஷத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தார். கழுத்தளவுத் தண்ணீரில் முத்துராக்கு. தலை மட்டும் வெளியே, வாய் திறந்து மூச்சு இழுக்கிறாள். இடுப்பில் கட்டிய வலைப்பை தண்ணீருக்குள் பலூன் மாதிரி உப்பியிருக்கிறது. பாறையில் கால் வெட்டாமலிருக்கத் தகரத்தைச் செருப்பாகக் கட்டிய பாதங்கள். படகில் ஏறுகிறாள், புடவைமேல் போட்ட ஆண்சட்டையிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. கரையில் இறங்குகிறாள், முடி கயிறுகயிறாகத் தொங்குகிறது. பாசி மூட்டையைத் தலையில் வைத்துப் போகிறாள், மூட்டையிலிருந்து நீர் வழிந்து மூக்கு நுனியில் நிற்கிறது. அந்தச் சொட்டு அழகான சொட்டு. அதற்காக அவர் கரையில் முழங்கால் போட்டுக் காத்திருந்தது ஞாபகம் வந்தது. காத்திருந்தது சொட்டுக்குத்தான். எடுத்து முடித்ததும் தலையாட்டினார், அவள் நடந்து போய்விட்டாள். மூன்றாவது வருஷத்தின் கடைசிக் கோப்பும் முடிந்தது. மூன்று வருஷத்தில் ஒரு படத்தில்கூட அவள் உலர்ந்து இல்லை. நிமிர்ந்து அவரைப் பார்க்கவும் இல்லை. அது எப்படி என்று முதலில் திகைத்தார், கணினி எதையோ மறைப்பது மாதிரி இன்னொரு தடவை தேடினார். பிறகுதான் திகைப்பதற்கு ஒன்றும் இல்லை என்று உறைத்தது. என்னைப் பார்க்காதீங்க, நான் இல்லைன்னு நினைச்சுக்கிட்டு வேலையைப் பாருங்க என்று எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிப் பழக்கியவர் அவர்தான். கேமராவைப் பார்த்து நிற்பது கல்யாண வீட்டுப் படம், அடையாள அட்டைப் படம். யாராவது பார்த்துவிட்டால் அதை அங்கேயே அழித்துவிடுவார். முத்துராக்கு ஒருநாள் படகில் உட்கார்ந்து விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டே சொன்னாள், நாங்க இல்லேன்னு நெனைச்சுக்கிறோம் தம்பி, நீயும் நாங்க இல்லேன்னு நெனைச்சுக்க, பேசாம ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயிரலாம் என்று. படகே சிரித்தது. கேமராவுக்குப் போட்டிருந்த தண்ணீர் உறையைக் காட்டி இன்னொருத்தி, நமக்கு ஓட்டைக் கண்ணாடி, அவரு பொட்டிக்கு முழுச் சட்டை பாருங்கடி என்றாள். அந்தச் சிரிப்பில் எல்லாரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அதனால்தான் அந்தச் சிரிப்பு எங்கேயும் இல்லை.

அவளை அவர் உலர்ந்து பார்த்ததே இல்லையா என்றால், பார்த்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் பார்த்திருக்கிறார். படகு கரைக்கு வந்து, பாசியை மணலில் விரித்துக் காயப்போட்டு, அவள் போய்க் குளித்துவிட்டு வருவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிடும். உச்சி வெளிச்சம் படத்துக்கு ஆகாது, முகத்தில் குழி விழும். அதனால் கேமராவைத் துடைத்து, உப்பு பட்ட இடத்தை நல்லதண்ணீர் நனைத்த துணியால் ஒற்றி, ஈரம் இழுக்கிற மணிப்பொட்டலத்தோடு பைக்குள் வைத்து மூடிவிட்டு அவள் வீட்டில் சாப்பிட உட்காருவார். சூடை மீன் குழம்பு. கைக்கு எட்டாத இடத்திலிருந்து எட்டி எட்டிப் போடுவாள், போதும் என்றால் காதில் விழாது. அந்த நேரத்தில்தான் அவள் உலர்ந்திருப்பாள். கையலம்பினால் கேமராவை எடுக்கலாம், ஆனால் சாப்பிட்டதும் தூக்கம் வரும், பாய் போட்டுக் கொடுப்பாள், எழுந்திருக்கும்போது படகுக்காரர்கள் கூப்பிடுவார்கள். அந்த முகத்தை இப்போது கண்ணுக்குள் கொண்டுவரப் பார்த்தார். குழம்புக் கரண்டி வருகிறது. வளையல் வருகிறது, ஒன்றோ இரண்டோ. முகத்துக்குப் பதிலாக மூக்கு நுனிச் சொட்டு வந்து நிற்கிறது. எடுத்த படம் எடுக்காத முகத்தைத் தின்றுவிட்டது. போட்டவள் முகத்தைப் பார்க்காமல் வயிறாரத் தின்றுவிட்டு எழுந்து வந்திருக்கிறேன் என்று நினைத்தார், நினைத்ததும் இந்த வாக்கியம்கூட நன்றாக இருக்கிறதே, கண்காட்சியில் சுவரில் எழுதலாமே என்று இன்னொரு மூலையில் ஓடியது, அதை உடனே நசுக்கினார். நசுக்கியதை யாரும் பார்க்கவில்லை. அதுதான் இந்த வேலையில் வசதி, யாரும் பார்ப்பதில்லை.

நிவேதிதா கூப்பிட்டாள். முதல் படம் எதுவென்று மட்டுமாவது சொல்லுங்கள், அதைத்தான் வாசலில் பெரிதாகத் தொங்கவிட வேண்டும், எனக்கு அந்த வளையம் போட்ட முகம்தான் வேண்டும் என்றாள். அவள் கேட்டது வரிசையின் நடுவில் கிடந்தது. முத்துராக்கு அப்போதுதான் கடல் கண்ணாடியைக் கழற்றி நெற்றிக்கு ஏற்றியிருக்கிறாள். கண்ணாடியின் ரப்பர் விளிம்பு அழுத்தி அழுத்தி, கண்களைச் சுற்றி நெற்றியிலிருந்து கன்னம்வரை ஆழமான வளையம். முப்பது வருஷம் கண்ணாடி போட்ட முகம். தோல் அங்கே மட்டும் கறுத்து உள்வாங்கியிருக்கிறது. கண்கள் எங்கேயோ கடல் பக்கம் பார்க்கின்றன. ஒரு வாழ்க்கை முழுவதும் ஒரே முகத்தில் எழுதியிருக்கிறது என்று நிவேதிதா முன்பு சொன்னாள், அவருக்கும் அது பிடித்திருந்தது. இப்போது போனைக் காதில் வைத்துக்கொண்டு, அந்தம்மா இறந்துட்டாங்க என்றார். அவள் ஐயோ என்றாள், நிஜமாகவே வருந்தினாள், பிறகு குரலைத் தணித்து, அப்ப அந்தப் படம்தான் இன்னும் முக்கியம் இல்லையா என்று கேட்டாள். அவளைத் திட்ட வாயெடுத்தார். எந்த வாயால் திட்டுவது. நீங்கள் குறைந்தபட்சம் ஐயோ என்றீர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். சாயங்காலம் சொல்கிறேன் என்று வைத்தார்.

பாண்டிமீனாவைக் கூப்பிடுவதற்கு முன் இன்னொரு தடவை தேடினார். ஒளிந்துகொள்வதற்காகத்தான் தேடினார், தேடுகிறவரைக்கும் கூப்பிட வேண்டாம். முற்றத்தில் பாசி காய்கிற படம் ஒன்றில் மூலையில் ஒரு முழங்கை, அது அவளுடையதாக இருக்கலாம். இன்னொன்றில் வாசலுக்குள் இருட்டில் யாரோ குனிந்திருந்தார்கள், பெரிதாக்கினால் வெறும் சாம்பல். வேறு வழியில்லாமல் கூப்பிட்டார். இல்லம்மா என்றார். கரையில இருக்கிற படம் எங்கிட்ட இல்லை. எல்லாம் தண்ணியிலதான்.

அவளுக்குப் புரியவில்லை. கணினி கெட்டுப்போச்சா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிடலாம், அவளே வழி காட்டுகிறாள், ஒரு சின்ன ஆமாம் போதும். இல்லை, எடுக்கலை என்றார்.

“மூணு வருசமா வந்தீங்களே மாமா.”

குற்றமாகச் சொல்லவில்லை. கணக்கு உதைக்கிறதே என்கிற மாதிரி சொன்னாள். அவர் தரையைப் பார்த்தார். நெற்றியிலிருந்து வேர்வைச் சொட்டு ஒன்று வழிந்து படகுப் படத்தின்மேல் விழப்பார்த்தது, கையை நீட்டி ஏந்திக்கொண்டார். இந்த நேரத்திலும் கை படத்தைத்தான் காப்பாற்றுகிறது. அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு பக்கத்தில் ஸ்டூடியோக்காரரிடம் ஏதோ கேட்டாள், அவர் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். திரும்ப வந்து, தண்ணியில இருக்கிறதையே அனுப்புங்க மாமா, மூஞ்சி தெளிவா இருந்தா போதுமாம், தண்ணிய இவரு தொடைச்சிருவாராம், பட்டுப்புடவை எல்லாம் இவர்ட்டயே இருக்காம் என்றாள். அது எப்படி நடக்கும் என்று அவருக்குத் தெரியும். ஊர் ஊருக்கு நடக்கிற வேலை. புடவை கட்டி, நகை போட்ட தலையில்லாத உடம்பு கணினியில் தயாராக இருக்கும், கழுத்துக்குமேல் யாருடைய முகத்தையும் ஒட்டலாம், பின்னால் நீலத்திரை. இளைஞர்களுக்கு வகுப்பெடுக்கும்போது இதைச் சொல்லி எத்தனை தடவை கேலி செய்திருக்கிறார். ஒரு புள்ளியைக்கூட அழிக்கக்கூடாது, ஓரத்தை வெட்டக்கூடாது, இருந்ததை இருந்தபடி காட்ட வேண்டும் என்று. இருந்தது எது என்று இப்போது யாராவது எழுந்து கேட்டால் என்ன சொல்வார். முகம் தெளிவாகத் தெரிவது ஒன்றுதான், வளையம் போட்டது. அதைப் பெரிய அளவிலேயே அனுப்பினார்.

அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கலாம் என்று வரிசைக்குத் திரும்பினார். பார்க்க முடியவில்லை. அங்கே ஸ்டூடியோவில் யாரோ ஒருவர் கணினி மௌஸைப் பிடித்துக்கொண்டு, பஜார் சத்தத்துக்கு நடுவில் அவளுடைய நெற்றியைத் துடைத்துக்கொண்டிருப்பார். இமையில் தொங்குவதைத் துடைப்பார். மேலுதட்டில், தாடையில், காது மடலுக்குக் கீழே. முடியைக் காயவைத்து நடுவகிடு எடுத்து வாரிவிடுவார். மகள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம், இங்க இன்னும் ஈரமா இருக்கு என்று காட்டிக்கொண்டிருப்பாள். செத்த பிறகு குளிப்பாட்டித் துவட்டிவிட்டது ஒரு தடவை, இது இரண்டாவது தடவை. இவர் நனைத்துவைத்ததை அவர்கள் துவட்டுகிறார்கள். கீழே மனைவி மிக்சி போடுகிற சத்தம் கேட்டது, நின்றது. மல்லாந்து படுக்கலாம் என்று பார்த்தார், படுக்க இடமில்லை, எங்கே பார்த்தாலும் படங்கள். அவள்மேல் படுக்க முடியாது. கால் மரத்துப்போய், ஊசி குத்துகிற மாதிரி இருந்தது. அப்படியே இருக்கட்டும் என்று அசையாமல் உட்கார்ந்திருந்தார், அதில் ஒரு சின்ன தண்டனை இருப்பதுபோல.

போன் மினுங்கியது. படம். மாம்பழ நிறப் பட்டு, சிவப்புக் கரை, கழுத்தில் யாருடையதோ சங்கிலி. முகம் வெளுத்து வழவழவென்று இருந்தது. கடலைப் பார்த்த கண்களை ஸ்டூடியோக்காரர் எப்படியோ கொஞ்சம் திருப்பி, நேராகப் பார்க்கவைத்திருந்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாண்டிமீனா கூப்பிட்டாள்.

“அம்மா மாதிரி இருக்கா மாமா? பாத்துப் பாத்து எனக்கே தெரிய மாட்டேங்குது. நீங்க சொல்லுங்க. நீங்கதானே நெறைய பாத்தவங்க.”

இருக்கிறது என்று சொல்லலாம். இல்லை என்றும் சொல்லலாம். எதைச் சொன்னாலும் அவள் நம்புவாள், பெரிய கேமரா மாமா. அவர் படத்தை விரல்களால் விரித்துப் பெரிதாக்கினார். ஏதோ குறைந்தது. சாப்பாடு போடக் குனிகிற முகம் ஒரு நொடி, நிஜமாகவே, வந்துபோனது. கண்களைச் சுற்றி அந்த வளையம். குளித்து உலர்ந்த பிறகும், வீட்டுக்குள்ளேயே இருந்தாலும், அது இருந்தது. ஆமாம் இருந்தது, அது அவருக்குத் தெரியும், ஒன்றாவது தெரியும். கிட்டத்தட்ட மகிழ்ச்சியாகவே சொன்னார்.

“கண்ணைச் சுத்தி அந்தத் தழும்பை எடுத்துட்டார்மா. அதான் வேற மாதிரி தெரியுது. அதைத் திரும்பப் போடச் சொல்லு.”

“அது வேணாம் மாமா,” என்றாள். “அது இருக்கிறதுதான் அம்மாவுக்குப் பிடிக்காது. எங்கயாவது விசேசத்துக்குப் போறதுன்னா கண்ணாடி முன்னாடி உக்காந்து பவுடரைக் கொழைச்சு ரெண்டு கண்ணையும் சுத்தி அப்பிக்கிட்டுத்தான் கெளம்பும். ஆந்தை மாதிரி இருக்கேன்டின்னு சொல்லும். நீங்க பாத்ததில்லையா?”

“இல்லை. பார்த்ததில்லை.”

சரி மாமா, அப்ப இதையே போடச் சொல்லிர்றேன், ஞாயித்துக்கிழமை முடிஞ்சா வாங்க என்று வைத்துவிட்டாள். முடிஞ்சா என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அவர் வளையம் போட்ட முகத்தைத் தரையிலிருந்து எடுத்தார். வாசலில் ஆளுயரத்துக்குத் தொங்கப்போகிற முகம். விசேஷத்துக்கு வந்த இடத்தில், பவுடர் இல்லாமல், விளக்கு வெளிச்சத்தில், முன்பின் தெரியாதவர்கள் கையில் தேநீர்க் கோப்பையோடு நின்று பார்க்க. ஆந்தை மாதிரி இருக்கேன்டி. கேமராவை நீட்டியபோது அவள் கடல் பக்கம் திரும்பினாளே, சொன்னதைக் கேட்டு என்னைப் பார்க்காமல் இருக்கிறாள் என்றல்லவா நினைத்தார். ஒருவேளை முகத்தைத் திருப்பிக்கொண்டாளோ. படத்திலேயே இருக்கிறதா என்று உற்றுப் பார்த்தார். படத்தில் அது இல்லை, படத்தில் கடலைப் பார்க்கும் பெண்தான் இருந்தாள். நிவேதிதா கத்துவாள், காரணம் கேட்பாள், காரணத்தைச் சொன்னால் அதையும் சுவரில் எழுதலாம் என்பாள். சொல்லக்கூடாது. அந்த முகம் வேண்டாம், வேறு முதல் படம் போடுங்கள் என்று மட்டும் எழுதி அனுப்பினார். படத்தை இரண்டாகக் கிழித்தார், கிழிப்பது கொஞ்சம் நாடகமாகப் பட்டது, இருந்தாலும் கிழித்தார். பிறகு நடுவில் விழுந்த இடைவெளியை மூடுவதற்காக, அதற்கு முன்னால் இருந்ததையும் பின்னால் இருந்ததையும் பக்கத்தில் நகர்த்தினார். படகிலிருந்து கரைக்கு நீள்கிற கைகள்; அடுத்து, வேலியில் காய்கிற விரல் துணிகள், காற்றில் ஒரே பக்கமாக. இரண்டும் ஒன்றையொன்று தொட்டதும் வரிசை முழுவதும் மூச்சுவிட்டுக்கொண்டது. காலையிலிருந்து உதைத்துக்கொண்டிருந்த இடம் அதுதான், அந்த முகம்தான் அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. அவளுக்காகத்தான் அதை வரிசையிலிருந்து எடுத்தார், சத்தியமாக அவளுக்காகத்தான். ஆனால் அவருடைய கண் அதற்குள் அதைப் பார்த்துவிட்டது. அவள் இல்லாமல் வரிசை இன்னும் நன்றாக இருந்தது.